குளம்பொலி

பேய்க்கதை கேட்கும் ஆசையும், கேட்டபின் அடுக்களைக்குத் தனியே போக அஞ்சும் நடுக்கமும் உடன்பிறப்புகள் போலும்!

சென்ற கோடை விடுமுறையில், திருவேங்கடத்தில் எங்கள் வீட்டில், அக்காள் தங்கை நாங்கள் இருவரும் அதை நன்றாக உணர்ந்தோம். அம்மா தம் பள்ளி நாள்களில் பார்த்துப் பயந்த 'மர்மதேசம்' தொடரைக் கைபேசியில் எடுத்துக் கொடுத்தார். 1993இல் தொடங்கிய சன் தொலைக்காட்சியில் அடுத்த சில ஆண்டுகளில் வெளியான தொடர் அது. 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கினார்.

"நாங்க ஒரு பகுதியைப் பார்த்துட்டு ஒரு வாரம் பயந்துகிட்டே கிடப்போம்" என்றார் அம்மா. நாங்களோ ஒரே நாளில் ஏழு பகுதிகள் பார்த்தோம்!

'ரகசியம்' என்ற கதையில் பைரவர் கோயிலும் நவபாஷாண லிங்கமும் வருகின்றன. 'விடாது கருப்பு' கதையிலோ, தவறு செய்தவரைத் தண்டிக்கக் கருப்பு வெள்ளைக் குதிரையில் வருகிறது. எல்லைக்கு எல்லை சுடலைமாடனும் கருப்பசாமியும் நிற்கும் எங்கள் வட்டாரத்தில் அதைப் பார்த்தால் தூக்கம் வருமா? ஆயினும் முடிவில் விடை சொல்வது மனநல மருத்துவமே. ஒரு மனிதரின் பிளவுபட்ட மனமே அத்தனைக்கும் காரணம்.

இங்கிலாந்தில் 1963இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் தொடரும் இப்படித்தான். நாம் பார்க்காத நொடியில் மட்டும் நகரும் கற்சிலைகள் அதில் வரும். அத்தொடரைச் சிறுவர்கள் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தார்களாம்.

அன்றிரவு புறவாசலில் 'டக், டக்' என்று ஓசை. குதிரையேதான்! நாங்கள் போர்வைக்குள் சுருண்டோம். தம்பியோ அயர்ந்து தூங்கினான். முதல் நாள் ஆச்சியின் மூக்குக்கண்ணாடியை உடைத்தவர்கள் நாங்கள். பழியைச் சுமந்து திட்டு வாங்கியவன் அவன். அது நினைவுக்கு வந்ததும் குளம்பொலி இன்னும் நெருங்கியது.

அம்மா விளக்கைப் போட்டார். கட்டவிழ்ந்த ஆடு ஒன்று துவைகல்லின்மேல் ஏறி நின்றது! அம்மா சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொல்லி அழுதோம். விடிந்ததும் ஆச்சியிடமும் தம்பியிடமும் மன்னிப்புக் கேட்டோம்.

அன்றிரவும் ஆடு கத்தியது. நாங்கள் நன்றாகத் தூங்கினோம். அன்புத் தோழியரே, அஞ்சவைக்கும் கதைகளைத் தாராளமாகப் பாருங்கள். ஆனால் படுக்கப் போகுமுன் நெஞ்சைத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள்!