எழுதியாயிற்று, ஆனால் சேரவில்லை



இந்த முறை கம்ப்யூட்டர் சமாச்சாரம். பயப்பட வேண்டாம், நமக்குப் புரியாத எதையும் நான் எழுதப் போவதில்லை. எனக்கே புரியாதே!

அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். மாலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடப்பவர். போன மாதம் ஒரு நாள் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. விண்டோஸ் பாதி வந்து நின்றுவிடுகிறது. கடைக்காரப் பையன் வந்து பார்த்துவிட்டு, “டிஸ்க் போயிருக்கும் சார், பார்மேட் பண்ணிப் புதுசா போட்டுடலாம்” என்று சொல்லிவிட்டான். வாத்தியார் என்னிடம் ஓடி வந்தார்.

“சார், அதுக்குள்ளே அவ குரல் இருக்கு” என்றார்.

அவர் மனைவி மறைந்து மூன்று வருஷம் ஆகிறது. பேரப் பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடியது, மகளுக்கு மீன் குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தது என்று முப்பது நாற்பது ஒலிப்பதிவுகள். வேறு எங்கும் பிரதி இல்லை.

நான் சில வருஷங்களாக லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவன். அதில் ஒரு வசதி உண்டு. பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பலாம். உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடாமல், அதிலுள்ள கோப்புகளை மட்டும் வெளியே எடுத்துக்கொள்ளலாம். “நாளைக்குக் காலையில் வருகிறேன், அதுவரை பார்மேட் பண்ண விடாதீர்கள்” என்று சொல்லி அனுப்பினேன்.

பெங்களூரில் இருக்கும் என் தங்கை மகன் வழிமுறையை அனுப்பினான். பென்டிரைவைப் பேட்-32 முறையில் தயார் செய்து, மின்டின் கோப்புகளை அப்படியே அதில் காப்பி செய்ய வேண்டும், அவ்வளவுதான். சுமார் 3 ஜிபி. நானும் செய்தேன். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. கோப்புப் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. பென்டிரைவை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படுக்கப் போனேன்.

மறுநாள் வாத்தியார் வீட்டில் அதைச் செருகினால், மெனு வருகிறது. தேர்ந்தெடுத்தால் ஒரு பிழைச் செய்தியோடு நின்றுவிடுகிறது. நாலு தடவை முயன்றேன். வாத்தியார் முகம் வெளுத்துவிட்டது. “அப்போ அந்தப் பையன் சொன்னது சரிதான் போல. மிஷினே போயிடுச்சு” என்று போனை எடுத்துக் கடைக்குப் பேசப் போனார். கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தங்கை மகனைக் கூப்பிட்டேன்.

“மாமா, காப்பி முடிஞ்சதும் பென்டிரைவை எப்படி எடுத்தீங்க?”

“எப்படி எடுப்பாங்க? உருவினேன்.”

“சிங்க் கொடுக்கலையா?”

சிங்க் என்றதும் எனக்குச் சமையலறைத் தொட்டிதான் ஞாபகம் வந்தது. அவன் சிரித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினான். அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் மெமரி வேகமானது, பென்டிரைவ் மெதுவானது. நாம் ஒரு கோப்பை எழுதச் சொன்னால், அது முதலில் மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, “ஆச்சு” என்று நம்மிடம் சொல்லிவிடுகிறது. நிஜமாக எழுதும் வேலை பின்னால் நடக்கிறது. லினக்ஸில் வழக்கமான ஏற்பாட்டின்படி 5 விநாடிக்கு ஒரு முறை எட்டிப் பார்த்து, 30 விநாடிக்கு மேல் காத்திருப்பவற்றை டிஸ்க்குக்கு அனுப்பும். பென்டிரைவ் மெதுவானதாக இருந்தால் இன்னும் பல நிமிஷம் ஆகும். அதற்குள் உருவினாலோ, கரண்ட் போனாலோ, பெயர் இருக்கும், சரக்கு இருக்காது. வீட்டுக்கு வந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் கிளம்பத் தேவையான ஒரு கோப்பு, பெயர் சரியாக, அளவு பூஜ்யம்!

ஒரு புகைப்படம் இப்படிப் போனால் அந்தப் படம்தான் போகும். கிளப்பும் கோப்புகள் அப்படியல்ல. முதலாமவர் இரண்டாமவரை எழுப்ப வேண்டும், இரண்டாமவர் மூன்றாமவரை. நடுவில் ஒருவர் இல்லையென்றால் எல்லாம் நின்றுவிடும். அதைவிட மோசம், பழி வேறு இடத்தில் விழும். என் பென்டிரைவில் இருந்த குறைக்கு, வாத்தியாரின் டிஸ்க் பார்மேட் ஆகியிருக்கும்.

இதைக் கேட்டபோது எனக்கு 1980களில் நான் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்த காலம் ஞாபகம் வந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு காவலாளி பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதிய உத்தரவு தயாராகி, கையெழுத்தாகி, என் மேஜைக்கு வந்தது. சாயங்காலம் ஐந்து மணி. நம்பர் போட்டு, டெஸ்பாட்ச் ரெஜிஸ்டரில் பதிந்து, உறையைத் தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாளிலிருந்து நாலு நாள் லீவு. உறை தட்டிலிருந்து நழுவி பீரோவுக்குப் பின்னால் விழுந்தது எனக்குத் தெரியாது.

அந்த அம்மா மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் நான் ரெஜிஸ்டரைத் திருப்பி, “இதோ பாருங்கம்மா, அனுப்பியாச்சு” என்று அந்த வரியைக் காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் விரல் வைத்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். நான்காவது தடவை சூப்பரின்டெண்டென்ட் கேட்டார்: “ரெஜிஸ்டர் சரி. டெலிவரி புக்கிலே வாங்கினவர் கையெழுத்து எங்கே?” கையெழுத்து இல்லை. பீரோவை நகர்த்தினோம். ஏறக்குறைய மூன்று மாதம் அந்த உறை தூசியில் கிடந்திருக்கிறது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. “கிடைச்சிடுச்சா ஐயா, நல்லது” என்றார். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் ஞாபகம் இருந்திருக்காது.

நான் பொய் சொல்லவில்லை. ரெஜிஸ்டரில் எழுதியது எழுதியதுதான். ஆனால் எழுதுவது வேறு, போய்ச் சேருவது வேறு. பிரெஞ்சில் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பத்திரத்தைப் பதிவு செய்வதற்கும், கம்ப்யூட்டரில் கோப்பைச் சேமிப்பதற்கும் அவர்களிடம் ஒரே சொல்தான், ஆன்ரெஜிஸ்த்ரே. ரெஜிஸ்டர் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. கையெழுத்து வாங்கும் வேலைக்கு வேறு சொல் வேண்டும். கம்ப்யூட்டரில் அந்த வேலையைச் செய்வதுதான் சிங்க்.

அன்று மத்தியானம் மறுபடியும் காப்பி செய்தேன். முடிந்தது என்று சொன்ன பிறகு, கறுப்புத் திரையில் ‘சிங்க்’ என்று தட்டினேன். கர்சர் அசையவில்லை. பென்டிரைவின் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். முந்தின ராத்திரி நான் பொறுக்காமல் விட்ட நிமிஷங்கள் அவை. பிறகு ‘பாதுகாப்பாக நீக்கு’ கொடுத்து எடுத்தேன். திரும்பச் செருகி, அசல் கோப்புகளோடு ஒப்பிட்டேன். எடுத்துச் செருகுவது முக்கியம் என்றான் தங்கை மகன். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பென்டிரைவைப் படிக்காமல், தன் மெமரியில் இருப்பதையே படித்துச் சரி என்று சொல்லிவிடுமாம். அனுப்பினாயா என்று அனுப்பினவனையே கேட்பது போல!

பழைய யூனிக்ஸ்காரர்கள் சிங்க் என்று மூன்று முறை தட்டுவார்களாம். அந்தக் காலத்தில் அந்த ஆணை வேலையைத் தொடங்கி வைத்துவிட்டு, முடியுமுன்பே திரும்பிவிடும். மூன்று தடவை தட்டுவதற்குள் மீதி முடிந்திருக்கும் என்ற கணக்கு. இப்போது லினக்ஸில் ஒரு தடவை போதும்; முடியும்வரை அதுவே காத்திருக்கும்.

சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். இந்த முறை மின்ட் கிளம்பிவிட்டது. அவர் டிஸ்க் தெரிந்தது. போல்டரைத் திறந்து ஒன்றைத் தட்டினேன். “மொதல்ல புளியைக் கரைச்சு வச்சுக்கோ...” என்று அந்த அம்மாவின் குரல். வாத்தியார் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். நான் ஒலியைக் குறைக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவிலும், அவர் மகளின் டிஸ்க்கிலும் எடுத்து வைத்தோம், ஒவ்வொன்றுக்கும் சிங்க் கொடுத்து. பிரதி ஒன்று போதாது என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1776இல் பிரெஞ்சு அரசர் போட்ட ஆணையிலிருந்து, காலனிகளின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளுக்கு ஒரு பிரதி கப்பலேறி வெர்சாய் போக வேண்டும் என்றிருந்தது.

நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து பென்டிரைவுகளுக்கு இந்தக் காத்திருப்பு இல்லாத ஏற்பாடுதான் வழக்கம். ஆனாலும் முறைப்படி ‘எஜெக்ட்’ கொடுத்தே எடுங்கள். கம்ப்யூட்டர் அப்டேட் ஆகும்போது, “முடிந்தது” என்று வந்தவுடன் சுவிட்சை அணைக்காதீர்கள். அதையே முறையாக ஷட்டவுன் செய்ய விடுங்கள், அணையுமுன் மீதியை எழுதிவிடும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் பழைய கெர்னல் ஒன்றை மெனுவில் விட்டுவையுங்கள். புதியது கிளம்பாவிட்டால் அது கைகொடுக்கும். யு.பி.எஸ். பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார் இப்போது நடக்க வரும்போது காதில் ஏதோ மாட்டிக்கொண்டு வருகிறார். என்ன கேட்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை.