வெள்ளரிக்காய் சாண்ட்விச்

சாயங்காலம் வீட்டில் சின்ன விருந்து. சாண்ட்விச் என் பொறுப்பு.

வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர். அப்படியே வைத்தால் விருந்தாளி வருவதற்குள் ரொட்டி சொதசொதவென்று ஆகிவிடும். அதனால் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகச் சீவி, உப்பு தூவி, வடிகட்டியில் 20 நிமிடம் போட்டுவிடுவேன். கீழே தேங்குகிற தண்ணீரைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். பிறகு துணியில் ஒற்றி எடுத்து அடுக்க வேண்டியதுதான். கிரீம் சீஸை இரண்டு துண்டிலும் ஓரம் வரை தடவுங்கள். ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் காப்பது அதுதான். கொஞ்சம் மிளகுத்தூள். ரொட்டியின் ஓரத்தைக் கடைசியில் வெட்டினால் விளிம்பு நேராக வரும்.

இங்கிலாந்தின் பழைய வழக்கம் வெறும் வெண்ணெய். (எனக்கென்னவோ சீஸின் லேசான புளிப்புதான் பிடிக்கிறது.) ஆஸ்கார் வைல்டின் 1895 நாடகம் ஒன்றில், அத்தைக்கென்று செய்த வெள்ளரி சாண்ட்விச் அத்தனையையும் அல்ஜெர்னனே தின்று தீர்த்துவிடுவான். சந்தையில் வெள்ளரிக்காயே கிடைக்கவில்லை என்று வேலைக்காரர் கூசாமல் புளுகுவார்.

எங்கள் வீட்டிலும் அல்ஜெர்னன்கள் உண்டு. தட்டை ஈரத்துணியால் மூடி ஃப்ரிட்ஜில் ஒளித்திருக்கிறேன். ஆறு மணி என்றால் ஆறுக்கே வந்துவிடுங்கள், மிஞ்சாது.