வருதலும் நிற்றலும்

'வண்டி மெதுவாக ஸ்டார்ட் ஆகிறது' என்னும் வாக்கியம் இரு பொருள் உடையது. பேட்டரி தளர்ந்து ஸ்டார்ட்டர் மோட்டார் மந்தமாகச் சுழல்வதையும் அது குறிக்கும். மோட்டார் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் இயங்கத் தாமதிப்பதையும் குறிக்கும். முதலில் பார்த்த பணிமனை, முதற்பொருளை எடுத்துக்கொண்டு புதிய பேட்டரி வாங்கச் சொன்னது. ஆய்வு உதவித்தொகையில் அது சிறிய செலவன்று.

அத்திபெலே சோதனைச்சாவடியை ஒட்டிய ஒரு சிறு பட்டறையில் அந்த மயக்கம் ஒரு வாக்கியத்தில் தீர்ந்தது: "செல்ஃப் நல்லா சுத்துது சார், வண்டிதான் பிடிக்கல."

பிறகு அந்த மெக்கானிக் எஞ்சினைச் சுழற்றாமல் சாவியை மட்டும் திருப்பினார். பின்னிருக்கைக்கு அடியில், பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும் பம்ப் இரண்டு நொடி முனகி அடங்கியது. அணைத்து, இதையே மறுபடியும் செய்தார். மூன்றாம் முறை ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் உடனே பிடித்தது. "பிரஷர் வருது, நிக்கல" என்றார் என்னிடம். உதவியாளரிடம் அதையே கன்னடத்தில்: "பிரஷர் பருத்தெ, நில்லல்ல."

தமிழில் சொல்முதலில் வரும் வகரம் கன்னடத்தில் பகரமாகும் என்பதும், 'நில்' இரு மொழிக்கும் பொது என்பதும் நாம் முதலாண்டிலேயே படிப்பவை. என்னை நிறுத்தியது வேறு. நோயறிதல் முழுவதும் அவ்விரு வினைகளில் அடங்கியிருந்தது. அழுத்தம் 'வரவில்லை' என்றால் பம்ப் தளர்ந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம். அத்தகைய வண்டி ஓடும்போதும், குறிப்பாக மேட்டில், திணறும். 'நிற்கவில்லை' என்றால் ஓட்டத்தில் குறையே தெரியாது. பம்பிலுள்ள ஒருவழி வால்வோ, இன்ஜெக்டரோ கசிந்து, இரவு முழுதும் நின்ற குழாயில் காலையில் அழுத்தம் இராது.

இவற்றுள் எது என்பதற்கு அளவி வேண்டும். பெட்ரோல் குழாயில் அதை இணைத்து எஞ்சினை ஓட்டினார். முள் 3 பாருக்குச் சற்று மேலே நின்றது. அணைத்ததும் சில நிமிடங்களில் சரிந்தது. மீண்டும் ஓட்டி, அணைத்த கணமே தொட்டிப்பக்க அடைப்பானை மூடினார். இம்முறை முள் அசையவில்லை. கசிவு தொட்டிப்பக்கம், இன்ஜெக்டர்கள் குற்றமற்றவை. (பெட்ரோல் பீறிடக்கூடிய வேலை இது, வீட்டில் முயல வேண்டாம்.)

இந்த வேறுபாட்டில்தான் செலவும் ஆபத்தும் இருக்கின்றன. இன்ஜெக்டர் கசிந்தால் பெட்ரோல் சிலிண்டருக்குள் சொட்டி, சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், ஆயிலிலும் கலக்கும். அதைத் தள்ளிப்போட முடியாது. ஒருவழி வால்வு கசிந்தால், பெட்ரோல் வெளியே ஒழுகாதவரை, தொட்டிக்கே திரும்புகிறது. என் காரில் அந்த வால்வு பம்போடு சேர்ந்தே வருகிறது, தனியே கிடைக்காது.

"பணம் வர்றப்ப மாத்திக்கலாம். அதுவரைக்கும் சாவியை ரெண்டு தடவை போடுங்க" என்றார். சோதனைக் கூலி மட்டும் வாங்கிக்கொண்டார்.