92.8 மில்லிமீட்டர்

புனே நகரின் கோத்ரூட் பகுதியில், பருவமழை தொடங்கியிருந்த ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமையன்று, ஐம்பத்தொரு வயதுப் பொறியாளர் ஒருவர் தம் காரின் இரண்டு சாவிகளையும் ஓர் இளைஞரிடம் ஒப்படைத்தார். 2017இல் வாங்கிய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். அது. பதிவுச் சான்றிதழ், காப்பீட்டுத் தாள், பராமரிப்பு ரசீதுகள் அனைத்தையும் ஒரு கோப்பில் அடுக்கித் தந்தார். எஞ்சின் சூடேறும்வரை ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதிக்க வேண்டாம், நீண்ட ஓட்டத்திற்குப் பின் வண்டியை உடனே அணைக்க வேண்டாம் என்ற இரண்டு அறிவுரைகளையும் சேர்த்துச் சொன்னார். இளைஞர் தலையாட்டிவிட்டு, "இதைவிட நல்ல கார் வாங்கியிருக்கிறீர்களா, சார்?" என்று கேட்டார். அவர் சற்று யோசித்து, "வேறு மாதிரியான கார்" என்று மட்டும் சொன்னார்.

அவர் வாங்கியிருந்தது 2013ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆடி ஆர்.எஸ்.5. விற்ற காரைவிட நான்கு ஆண்டு பழையது. இரண்டாவது உரிமையாளராக வாங்கியது. உடன் பணிபுரிபவர்கள் இதனைப் 'பின்னோக்கிய முன்னேற்றம்' என்று கேலி செய்தனர். கேலியில் நியாயம் இல்லாமலில்லை. ஏனெனில் அவர்கள் எல்லோரும் எஞ்சின் பொறியாளர்கள். எண்களைப் படிக்கத் தெரிந்தவர்கள்.

ஆக்டேவியாவின் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் ஒரு டர்போவும் கொண்டது. கொள்ளளவு 1984 சி.சி.; ஆற்றல் 230 குதிரைத்திறன். ஆர்.எஸ்.5இல் இருப்பது டர்போ இல்லாத எட்டு சிலிண்டர் எஞ்சின். கொள்ளளவு 4163 சி.சி.; ஆற்றல் 450 குதிரைத்திறன். ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்குதான். ஆனால் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு எவ்வளவு ஆற்றல் என்று வகுத்துப் பார்த்தால் ஆக்டேவியா 116, ஆர்.எஸ்.5 108. முறுக்குவிசையை அப்படி வகுத்தால் இடைவெளி இன்னும் பெரிது: லிட்டருக்கு 176 நியூட்டன் மீட்டருக்கு எதிரே 103. சிறிய எஞ்சின் எல்லாக் கணக்கிலும் திறமையானது. இருபத்து மூன்று ஆண்டுகளாக டர்போ எஞ்சின்களின் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சீரமைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒருவருக்கு இதனை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எரிபொருளில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியேறிவிடுகிறது. அந்தப் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்று சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905இல் காப்புரிமை பெற்றார். வீணாவதை மீட்கும் இந்த யோசனைதான் டர்போ. 1500 சுழற்சியிலேயே ஆக்டேவியாவுக்கு 350 நியூட்டன் மீட்டர் முழு முறுக்குவிசையும் கிடைத்துவிடுவது இதனால்தான். நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதும் ஒரு சிறு மிதிக்குக் கார் பாய்ந்து முன்னேறும்.

ஆனால் இதில் ஓர் இடைவெளி உண்டு. கால் மிதிக்கிறது; காற்று வருகிறது; எரிகிறது; புகை வெளியேறுகிறது; புகை சக்கரத்தைச் சுழற்றுகிறது; அதன் பிறகே கூடுதல் காற்று வருகிறது. கேட்டதற்கும் கிடைப்பதற்கும் நடுவே நொடியின் ஒரு பகுதி கழிந்துவிடுகிறது. அந்த இடைவெளியை ஓட்டுநர் உணராதபடி மறைப்பதே அவருடைய வேலை. தீப்பொறியின் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைப்பது, வால்வு திறக்கும் கணத்தை மாற்றுவது, கியரை முன்கூட்டியே இறக்குவது எனப் பல வழிகளில் அதனை மறைத்தார். நன்றாக மறைத்தார். வண்டியை வாங்கியவர்கள் எவருக்கும் அப்படி ஒன்று மறைக்கப்பட்டிருப்பது தெரியாது. அவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் தெரிந்தது.

டர்போ இல்லாத எஞ்சினில் இந்தச் சுற்றுவழி கிடையாது. ஆற்றல் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது. டர்போ எஞ்சின் முதல் எண்ணைக் கூட்டுகிறது. மற்றது இரண்டாம் எண்ணைக் கூட்டியாக வேண்டும். ஆர்.எஸ்.5 தன் முழு ஆற்றலைத் தருவது நிமிடத்திற்கு 8250 சுழற்சியில். ஆக்டேவியாவின் முழு ஆற்றல் 4700இலேயே வந்துவிடும். 6200ஐ எட்டுகையில் முறுக்குவிசை 350இலிருந்து ஏறக்குறைய 260ஆகக் குறைந்திருக்கும். அதற்கு மேல் மிதிப்பதில் பொருளில்லை. வேகம் கூடக் கூட ஒன்று களைத்துப்போகிறது. மற்றொன்று அப்போதுதான் தொடங்குகிறது.

இரண்டு எஞ்சின்களின் அளவுகளையும் அருகருகே எழுதியபோது அவர் ஒன்றைக் கவனித்தார். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலிருந்து கீழாகச் செல்லும் தூரம் இரண்டிலும் ஒன்றே: 92.8 மில்லிமீட்டர். ஒரே குழுமத்தின் எஞ்சின்கள் என்பதால் அதில் பெரும் வியப்பில்லை. ஆனால் ஒப்பீடு எளிதாகிவிட்டது. தூரம் ஒன்று; அதனைக் கடக்கும் வேகம் மட்டுமே வேறு. 6500 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டர். 8250இல் 25.5 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 92 கிலோமீட்டர். அந்த வேகத்தில் செல்லும் உலோகத் துண்டு ஒவ்வொரு நொடியும் 275 முறை முற்றிலும் நின்று, திரும்பி, மறுபடி ஓட வேண்டும். நிலைம விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வதால், இணைப்புத் தண்டு தாங்க வேண்டிய சுமை அறுபது விழுக்காடு கூடுகிறது. பார்க்கப்போனால் ஆக்டேவியாவின் டர்போ அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழலக்கூடியது, ஆர்.எஸ்.5இல் எந்தப் பாகமும் அவ்வளவு வேகமாகச் சுழல்வதில்லை. ஆனால் அந்த அச்சு ஓட்டுநரின் காலோடு நேரடியாகப் பேசுவதில்லை.

இவையெல்லாம் காரணங்கள்தாம். எனினும் அவர் அந்தக் காரை வாங்கியது இந்தக் காரணங்களுக்காக மட்டும் அன்று.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு தாள்கள் அவர் மேசைக்கு வந்தன. ஒன்று, அவர் இருபத்து மூன்று ஆண்டுகள் வேலை செய்த எஞ்சின் சோதனை அறையை மின்கலச் சோதனைக்கு மாற்றப்போவதாக நிறுவனம் அனுப்பிய சுற்றறிக்கை. மற்றொன்று ஆண்டுதோறும் செய்யப்படும் செவிப் பரிசோதனையின் வரைபடம். இரு காதுகளின் கோடுகளும் தாழ்ந்த ஒலிகளில் சமமாகச் சென்று, 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம்போல் இறங்கியிருந்தன. இயந்திர இரைச்சலில் நெடுங்காலம் உழைத்தவர்களின் வரைபடத்தில் காணப்படும் பள்ளம் அது. இளமையில் காதுக்கவசத்தைக் கழற்றிவிட்டு எஞ்சினின் அருகே குனிந்து நின்றவர் அவர். ஓசையைக் கேட்டே கோளாற்றைச் சொல்லிவிடுவார் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. இழந்தது மீளாது என்று மருத்துவர் சொன்னார், இனி இழக்காமலிருக்கலாம்.

வீட்டில் இந்த முடிவை எளிதில் ஏற்காதவள் மகள். வளிமண்டல அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். "அப்பா, லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும் காரை இந்தக் காலத்தில் வாங்குவது நியாயமா?" என்று கேட்டாள்.

அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். பிம்ப்ரி சிஞ்ச்வட் வரை தினமும் ஆக்டேவியாவில் சென்றுவந்ததில் ஆண்டுக்கு ஆயிரம் லிட்டர், 2300 கிலோ. இனி வனாஸ் நிலையத்தில் மெட்ரோ ஏறி, சிவில் கோர்ட்டில் வண்டி மாறி வேலைக்குச் செல்வார். ஆர்.எஸ்.5 ஞாயிறுகளில் மட்டும் ஓடும். ஆண்டுக்கு 1800 கிலோமீட்டர், 300 லிட்டர், 690 கிலோ.

மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். கீழே மூன்றாவதாக ஒரு வரி எழுதினாள்: ஆக்டேவியாவை விற்று, மெட்ரோவில் சென்று, எதையும் வாங்காமல் இருந்தால் பூஜ்யம். எழுதிவிட்டுத் தாளை அவரிடமே தந்தாள்.

அவர் அந்த வரியை அடிக்கவில்லை. அதற்கு விடையும் சொல்லவில்லை. ஆய்வில் நேர்மை என்பது தனக்குச் சாதகமான ஒப்பீட்டை மட்டும் தேர்ந்தெடுக்காமல் இருப்பது என்று பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் பலமுறை சொன்னவர். அந்தத் தாள் இப்போதும் அவருடைய மேசைக் கண்ணாடியின் அடியில் இருக்கிறது. மூன்று வரிகளும் இருக்கின்றன.

கார் வந்த மறுநாள் அதிகாலையில் மகளையும் அழைத்துக்கொண்டு மும்பை நெடுஞ்சாலைக்குச் சென்றார். மழை விட்டிருந்தது, சாலை காய்ந்திருந்தது. எண்ணெய் சூடேறும்வரை அரை மணி நேரம் மூவாயிரத்தைத் தாண்டாமல் ஓட்டினார். அந்த வேகத்தில் கார் சாதுவாகத்தான் இருந்தது. ஆக்டேவியாவின் முதுகில் கைவைத்துத் தள்ளும் பாய்ச்சல்கூட அதில் இல்லை. மகள், "இவ்வளவுதானா?" என்பதுபோல் பார்த்தாள். பிறகு சாலை காலியாக இருந்த ஓரிடத்தில், இரண்டாம் கியரில் மெல்லச் சென்றுகொண்டிருந்தவர், பெடலை முழுதாக அழுத்தினார்.

நாலாயிரம், ஐயாயிரம், ஆறாயிரம். ஒவ்வோர் ஆயிரத்திலும் ஓசை ஒரு படி ஏறியது. ஆக்டேவியாவில் கியர் மாறியிருக்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் ஏறிக்கொண்டே சென்றது. ஏழாயிரத்து ஐந்நூறைத் தொட்டபோது வேகம் மணிக்கு நூறை எட்டியது. சாலையின் வரம்பும் அதுவே. காலை எடுத்தார். மொத்தம் சில நொடிகள். கால் கேட்டதற்கும் கார் தந்ததற்கும் நடுவே மறைக்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

எட்டு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு நான்கு வெடிப்புகள். 7500 சுழற்சியில் நொடிக்கு 500 வெடிப்புகள். அடிப்படை ஒலி 500 ஹெர்ட்ஸ். அது அவருக்கு முழுமையாகக் கேட்கும். வரைபடம் அந்த இடத்தில் சமமாகவே இருந்தது. ஆனால் ஓர் ஒலியின் நிறம் அதன் மடங்குகளில் இருக்கிறது: 1000, 1500, 2000 என ஏறி, எட்டாம் மடங்கு 4000. அவருடைய காதின் பள்ளம் சரியாக அங்கேதான் தொடங்குகிறது. கேட்டது குறைவில்லாத ஒலியா, மேற்பகுதி வெட்டப்பட்ட ஒலியா என்று அவரால் தம் காதை மட்டும் கொண்டு சொல்ல முடியாது. இல்லாததை ஒப்பிட அவரிடம் எதுவும் இல்லை.

சாலையோரத் தேநீர்க் கடை ஒன்றில் நிறுத்தினார்கள். எஞ்சின் ஆறும் டிக் டிக் ஓசை அவருக்கும் கேட்டது. மகள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இந்த மாதிரி எஞ்சினை இனி செய்ய மாட்டார்களா?" என்று கேட்டாள்.

இதே காரின் அடுத்த தலைமுறை 2017இல் வந்தது என்றும், அதில் 2.9 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ என்றும் அவர் சொன்னார். ஆற்றல் அதே 450. முறுக்குவிசை 430இலிருந்து 600 ஆயிற்று. எரிபொருள் செலவு குறைந்தது. "அது இதைவிடச் சிறந்த எஞ்சின். நான் வேலை செய்ததும் அப்படிப்பட்டவற்றில்தான்."

மகள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஏழாயிரத்துக்கு மேலே போனபோது, பெரிய சத்தத்துக்கு மேல் மெல்லிசாக இன்னொரு சத்தம் வந்தது, அப்பா. கம்பியை இழுத்துக் கட்டியதுபோல. உங்களுக்குக் கேட்டதா?"

"இல்லை" என்றார். சற்றுப் பொறுத்து, அது எந்தச் சுழற்சியில் தொடங்கியது, திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதா என்று கேட்டார். அவளுக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் அதே போன்ற ஒரு காலியான இடம் வந்தது. இம்முறை மகள் கண்களைச் சுழற்சிமானியின் முள்ளில் வைத்திருந்தாள். அவர் பெடலை அழுத்தினார். முள் ஏறியது. "இப்போது" என்றாள் அவள்.