வித்திப் பதிவு

கண்டி மழையிற் காளான் முளைக்க ஓரிரவு போதும். அழுக ஒருபகல் போதும். துவெயிற்சு பேராதனைப் பூங்காவிலிருந்து அனுப்பிய காளான்கள் இங்கிலாந்திற் பெயர் பெற்றன. 1905இல் வந்த பங்கசு ஆய்வாளர் தோமசு பெற்ச் அப்பெயர்களிற் பலவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. உலர்ந்த குடை நிறமிழக்கும். வித்தித் தூளின் நிறமோ எளிதில் மாறாது.

குடையைக் கண்ணாடித் தகட்டிற் கவிழ்த்து மூடிவைத்தால் விடியுமுன் அத்தூள் பதிந்துவிடும். புற்றுக் காளானின் பதிவு இளஞ்சிவப்பு. புல்வெளியில் வெண்குடை விரித்து, உண்டாரை வாந்தியால் வாட்டும் குளோரோபில்லத்தின் பதிவு பச்சை. ஈரத்தோடு மடித்தாலோ பூஞ்சணம் படர்ந்து பொய்ச்சான்று கூறும். மகாவலிக் கரையில் வெயிலை நம்புதல் பேதைமை. சிலிக்கா மணிகள் இட்ட காற்றுப்புகாச் சாடியில் முற்றாக உலர்த்திய பின்னரே உறையிலிடல் வேண்டும். உறைமேல் இடமும் நாளும் பென்சிலால் எழுதுக, மை ஊறிவிடும்.