இடக்கண்ணும் முதல் துவக்கும்

குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் இப்பகுதியிலே துவக்கைப் பற்றி எழுதுவதா என்று வாசகர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். மட்டக்களப்பு வாவிக் கரையிலே 1980களிலும் 1990களிலும் வளர்ந்தவர்கள் அவ்வாறு நெரித்தால் அவர்களை நாம் குறைகூற மாட்டோம். எமது தலைமுறை துவக்கின் முன்வாயைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. பாடசாலைக்குச் செல்லும் வழியிலே துவிச்சக்கர வண்டியை விட்டிறங்கி, அதனை உருட்டிக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடக்கும்போது நாம் கண்டதெல்லாம் குழலின் வாயை மட்டுமே. அதன் பின்புறத்திலே கண்ணை வைத்துப் பார்த்தால் உலகம் எப்படித் தோன்றும் என்ற எண்ணமே எமக்கு எழுந்ததில்லை. ஆயினும் அதைப் பற்றி எண்ண வேண்டிய கடமை அண்மையில் எமக்கு வந்து சேர்ந்தது.

கனடாவிலே ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் எமது தங்கைக்கு ஒரே மகன், வயது பதின்மூன்று. அவன் தன் பள்ளித் தோழர்களோடு குறிபார்த்துச் சுடும் கழகமொன்றின் இளையோர் வகுப்பிலே சேர்ந்திருக்கிறான். சில வாரங்கள் சென்றதும் பயிற்றுநர், “உங்கள் மகன் வலக்கையால் எழுதுகிறான், ஆனால் அவனுக்குத் தலைமை தாங்குவது இடக்கண்” என்று சொல்லிவிட்டாராம். அதே வேளையில், நண்பர் ஒருவர் தம்மிடமுள்ள வலக்கைத் துவக்கொன்றை மலிவாகத் தருவதாக மைத்துனரிடம் கூறியிருக்கிறார். வாங்கலாமா, வேறு பார்க்கலாமா, அன்றி இந்த விளையாட்டே வேண்டாமென்று விட்டுவிடலாமா என்று தங்கை எம்மிடம் கேட்டாள். கீழைக்கரையிலே குடி தாய்வழி வருவது. பிள்ளையின் காதுகுத்து முதல் கல்யாணம் வரை தாய்மாமனைக் கேட்பது வழக்கம். கடல் கடந்தாலும் அவ்வழக்கம் முற்றாக அறுந்துவிடவில்லை என்பதில் எமக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். அத்துடன் நாம் கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிப்பவர். ஒளியும் கண்ணும் எமது பாடம்.

இரண்டு கைகளில் ஒன்று முந்துவதைப்போல, இரண்டு கண்களிலும் ஒன்று முந்துகிறது. இத்தாலிய அறிஞர் ஜியாம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா ஒளிமுறிவு பற்றி 1593இல் வெளியிட்ட நூலிலேயே இதைக் குறித்திருக்கிறார். அக்கண்ணை முதற்கண் என்போம். (சொற்பொழிவாளர்கள் ‘முதற்கண்’ என்பதை வேறு பொருளிலே வழங்கி எம்மை நெடுநேரம் இருத்திவைப்பதுண்டு. நாம் இங்கு மெய்யான கண்ணையே சொல்கிறோம்.) மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர்க்கு வலக்கண் முதற்கண், மூன்றில் ஒரு பங்கினர்க்கு இடக்கண். இடக்கைப் பழக்கமுடையோரோ பத்தில் ஒருவர்தாம். ஆகவே கை வலமும் கண் இடமுமாக அமைந்தோர் நம்மிடையே பலர் உளர். பெரும்பாலோர் அதனை அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். ஊசியில் நூல் கோப்பதற்கும் கரம் ஆடுவதற்கும் அதனால் பெரிய தடையில்லை.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். இரு கைகளையும் முன்னே முழுதும் நீட்டி, விரல்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நடுவிலே சிறு துளை விடுங்கள். இரு கண்களையும் திறந்தபடியே அத்துளையூடாகத் தொலைவிலுள்ள பொருளொன்றைப் பாருங்கள். பின்னர் ஒரு கண்ணை மூடுங்கள். பொருள் துளைக்குள்ளேயே நின்றால் திறந்திருக்கும் கண்ணே முதற்கண். மறைந்துவிட்டால் மூடிய கண்ணே முதற்கண். நாம் எமது மாணவர் சிலரைப் பாலமீன்மடுவுக்கு அழைத்துச் சென்றபோது, அங்கே 1913ஆம் ஆண்டு முதல் நிற்கும் வெளிச்ச வீட்டை இலக்காக வைத்து இதைச் செய்வித்தோம். வலக்கையிலே பேனா பிடிக்கும் பிள்ளைகள் சிலர், வலக்கண்ணால் பார்த்தபோது வெளிச்ச வீடே காணாமற் போனதைக் கண்டு கூவிவிட்டனர். ஒரு முறை பார்த்து முடிவு செய்தல் ஆகாது. வெவ்வேறு நாள்களில் நாலைந்து முறை பார்த்தல் வேண்டும். சிலர்க்கு இரு கண்களும் ஏறக்குறைய சம வலிமை உடையனவாக இருப்பதுமுண்டு.

துவக்கு பிடிப்போர்க்கு இது ஏன் பெருஞ் சிக்கலாகிறது? படுவான்கரை வயல்களிலே பன்றி காவலுக்கு வைத்திருக்கும் சன்னத் துவக்கை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பின்குறி இல்லை; குழலின் நுனியிலே சிறு மணி மட்டும் உண்டு. வலத் தோளிலே துவக்கை வைத்தவர் இரு கண்களையும் திறந்து பார்க்கிறார், இடக்கண் முந்திக்கொள்கிறது. இரு கண்களுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர். நுனிமணி கண்ணிலிருந்து ஒரு மீற்றரிலும் இலக்கு முப்பது மீற்றரிலும் இருப்பின், சன்னம் ஒன்றே முக்கால் மீற்றர் இடப்புறமாகப் போய்விடும். உயர்தர மாணவர்கள் ஒத்த முக்கோணங்கள் வரைந்து கணக்கிட்டுப் பார்க்கலாம். பன்றி பிழைத்துவிடும்.

இத்தகையோர்க்காக இலண்டன் நகரத்துத் துவக்குக் கம்மியர்கள், வலத் தோளிலே வைத்தாலும் குழல் இடக்கண்ணுக்கு நேரே வருமாறு பிடங்கை வளைத்துச் செய்துகொடுத்ததுண்டு. அவ்வளைந்த பிடங்கின் விலைக்கு எங்களூரில் ஒரு போகத்து நெல்லையே விற்க வேண்டியிருக்கும். நம் கமக்காரர்க்கு அந்தத் தொல்லை இருந்ததில்லை. நடுவிலே முறித்துத் தோட்டா இடும் ஒற்றைக் குழல் துவக்கிற்கு வலமும் இல்லை, இடமும் இல்லை. எந்தத் தோள் வசதியோ அந்தத் தோளிலே வைத்துச் சுடலாம்.

தங்கையின் மகன் பிடிக்கப்போவது சன்னத் துவக்கன்று. இருபத்திரண்டு என்று சுருக்கமாக அழைக்கப்படும் 0.22 அங்குல றைபிள். இதன் தோட்டாவை விளிம்புத் தோட்டா எனலாம். பெரிய தோட்டாக்களிலே தீமருந்து அடியின் நடுவில் தனிக் குமிழாக இருக்கும். இதிலோ அடியைச் சுற்றிய விளிம்பின் உள்ளேயே அது பூசப்பட்டிருக்கும். முள் விளிம்பை நசுக்கியதும் பற்றிக்கொள்ளும். முள் நசுக்கவேண்டுமாயின் உலோகம் மெல்லியதாக இருத்தல் வேண்டும். மெல்லியதாயின் மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. எனவே மருந்து குறைவு, உதை குறைவு, ஓசை குறைவு, விலையும் குறைவு. 1887ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய நீள் இருபத்திரண்டுத் தோட்டாவே இன்றும் உலகெங்கும் பயிற்சியில் முதலிடம் பெற்றிருக்கிறது. ஆயினும் இது சிறுபிள்ளை விளையாட்டென்று எவரும் எண்ணற்க. இரண்டரைக் கிராமுக்குச் சற்று மேற்பட்ட அந்த ஈயத்துண்டு ஒரு கிலோமீற்றருக்கு மேல் பறக்க வல்லது. நகரை அண்டி வாவி ஒடுங்கும் இடங்களில் இக்கரையிலிருந்து சுட்டால் அக்கரை மனைகளையும் கடந்து விழும். நீரிலே பட்டாலும் அமிழாமல் தெறித்து எழும்பக்கூடும். மண்ணணை இல்லாத வெளியில் இதனைச் சுடலாகாது என்பது இதனாலேதான்.

இனி, வலமா இடமா என்பது. றைபிளுக்கு முன்குறியும் பின்குறியும் உண்டாதலால், சன்னத் துவக்கிலே நிகழ்வதுபோல் இலக்கு வெகுதூரம் விலகிப் போவதில்லை. வேறு தீங்குகள் நேரும். குறி இரண்டு இரண்டாகத் தோன்றும். பிள்ளை ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்ளும். முகத்தசை களைத்து, திறந்த கண்ணும் கலங்கும். சில பிள்ளைகள் வலத் தோளிலே துவக்கை வைத்துக்கொண்டே, கழுத்தை வளைத்து, கன்னத்தைப் பிடங்கின் மேலாகச் சாய்த்து இடக்கண்ணைக் கொண்டுவந்து பொருத்த முயல்வர். பார்ப்பதற்கே பரிதாபமான கோலம்.

வழிகள் இரண்டு. வலத் தோளிலேயே வைத்து, இடக்கண்ணின் முன்னே ஒளி ஊடுருவும் மங்கலான மறைப்பொன்றைத் தொங்கவிடுதல் ஒன்று. நெடுங்காலம் வலத் தோளிலே பழகிய பெரியவர்க்கு இதுவே ஏற்றது. மற்றையது, துவக்கை முதற்கண்ணின் பக்கமாகிய இடத் தோளுக்கே மாற்றிவிடுதல். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு இதையே பயிற்றுநர் பலரும் விரும்புகின்றனர். எமது கருத்தும் அதுவே. கையைப் பழக்கலாம், எந்தக் கண் முந்துவது என்பதைப் பழக்கி மாற்றுவது அரிது. ஹங்கேரியைச் சேர்ந்த காரோலி தகாச் என்பவர் 1938இல் கைக்குண்டு வெடித்து வலக்கை சிதைந்த பின்னர், இடக்கையைப் பழக்கி 1948இல் இலண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்றார். அவர் முப்பது வயதை அண்மித்தபோது செய்ததைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை செய்ய இயலாதா?

இங்கேதான் எமது அன்னையார் குறுக்கிட்டார். எழுபத்து நான்கு வயதாகிறது. தொலைபேசியில் நாம் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். “என்ன மனே, எழுத வைக்கக்குள்ள அந்தப் புள்ளட வலக்கையைத்தானே புடிச்சி அரிசியில எழுத வெச்ச? இப்ப இடக்கையால புடிக்கச் சொல்றியா?” என்று கேட்டார். அவருடைய தம்பியாரின் இடக்கையைச் சிறு வயதிலே சீலைத்துண்டால் கட்டிவைத்து வலக்கைக்கு மாற்றினார்களாம். அத்தம்பியார், எமது மாமா, இறக்கும்வரை மண்வெட்டியை இடப்புறமாகவே பிடித்தார் என்பது எமக்கு நினைவிருக்கிறது. அன்னையார்க்கும் நினைவிருந்தது. சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “கையை விடு. துவக்கு ஏன்?” என்றார்.

அக்கேள்விக்குப் பௌதிகவியலில் விடையில்லை. இந்த வீட்டிலே துவக்கு என்ற சொல்லே பல ஆண்டுகள் தாழ்ந்த குரலிலே சொல்லப்பட்டது. இலங்கையில் 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் துவக்கு வைத்திருத்தல் ஆகாது. அச்சட்டம் நெடுங்காலம் ஏட்டிலே இருக்க, துவக்குகள் வீதியிலே இருந்தன. தங்கை தன் மகனை எங்களூர் நினைவு தீண்டாமல் வளர்க்கவே விரும்பினாள். எனினும் அவனுக்கு அந்த அச்சம் இல்லை. அவன் அதனை வளையத்துள் வளையமாக வரைந்த காகிதத்தின் நடுவைத் துளைக்கும் கருவியாகவே கண்டிருக்கிறான். எமது அச்சத்தை அவனுக்குச் சீதனமாகக் கொடுத்தல் முறையன்று என்பது எமது எண்ணம். அதே வேளையில் அன்னையாரின் அச்சத்தை வெறும் பழமை என்று தள்ளவும் நாம் உடன்படோம். துவக்கு செய்வதை அவர் கண்டிருக்கிறார். நண்பரின் மலிவு விலையைச் சொல்லும் மைத்துனர் கண்டதில்லை.

ஆகவே தங்கைக்கு நாம் எழுதியவற்றுள் விலைக்கு முந்திச் சட்டமே வந்தது. கனடாவிலே பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையுள்ளோர், பாதுகாப்புப் பாடநெறியிலே தேறி, இளையோர் அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கை இரவல் வாங்கிச் சுடலாம்; சொந்தமாக வைத்திருத்தல் பதினெட்டு வயதின் பின்னரே. எனவே மகனுக்குத் துவக்கு என்று சொன்னாலும் அது பெற்றாரின் பெயரிலேயே இருக்கும். அவர்களும் அதே பாடநெறியைப் படித்துத் தேறவேண்டும். மைத்துனர் மட்டும் படித்தால் போதாது, நீயும் படி என்று தங்கைக்கு எழுதினோம். வீட்டிலே தோட்டாவை நீக்கிப் பூட்டி வைத்தலும், தோட்டாக்களை வேறிடத்திலே பூட்டி வைத்தலும் இவற்றோடு சேர்ந்தவை. சாவி இருக்குமிடம் மகனுக்குத் தெரியலாகாது.

நண்பரின் வலக்கைத் துவக்கு வேண்டாம். அதன் தாழ்ப்பாட்பிடி வலப்புறத்திலே இருக்கிறது. இடத் தோளில் வைத்தவன் ஒவ்வொரு முறையும் கையைக் குழலுக்கு மேலாகக் கடத்தி அதனை இழுக்க வேண்டும். அதற்குள் நிலை குலைந்துவிடும். வெறுங்கோதும் முகத்தின் முன்னாலேயே பாயும். தோட்டா பிளந்துவிட்டால் சூடான வாயுவும் அப்பக்கமாகவே வரும். இடக்கைக்கென்றே தாழ்ப்பாளை இடப்புறத்தில் அமைத்த இருபத்திரண்டு றைபிள்கள் கிடைக்கின்றன. சவேஜ் நிறுவனத்தார் ஒன்ராறியோவிலேயே லேக்ஃபீல்ட் என்னும் ஊரில் அவற்றைச் செய்து வந்துள்ளனர். செக் நாட்டு சீ-செற் நிறுவனமும், போட்டிக்காரர் போற்றும் ஜெர்மானிய அன்சூற்ஸ் நிறுவனமும் இடக்கை வகைகளைச் செய்கின்றன; கடைசியாகச் சொன்னதன் விலை முதல் துவக்குக்கு ஏற்றதன்று. இடக்கை வகைகள் கடைகளிலே குறைவாகவே இருக்கும். விலையும் சற்றுக் கூடும். விசையை அழுத்துந்தோறும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை தொடக்கத்திலே வேண்டாம். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இடுபவன் ஒவ்வொன்றையும் எண்ணிச் சுடுவான்.

பிடங்கின் நீளம் பலரும் மறப்பது. முழங்கையை மடித்து, பிடங்கின் அடியை முழங்கை மடிப்பிலே வைத்தால் சுட்டுவிரல் விசையை இயல்பாகத் தொடவேண்டும். பெரியவர்க்கு ஏறத்தாழ முப்பத்து நான்கு சென்ரிமீற்றர் நீளம் பொருந்தும். பதின்மூன்று வயதினர்க்கு அதிலும் இரண்டு மூன்று குறைவாக வேண்டியிருக்கும். ஆனால் அவன் பயற்றங்கொடிபோல வளரும் வயது. தகடுகளைச் சேர்த்து நீட்டக்கூடிய பிடங்கு கிடைத்தால் சாலச் சிறந்தது.

இவையெல்லாம் எழுதி, உடனே வாங்காதே என்றும் எழுதினோம். கழகத்திலே இரவலாகத் தரும் இடக்கைத் துவக்கொன்று உண்டாம். ஆறு வாரம் அதனை இடத் தோளிலே வைத்துப் பழகட்டும். இடையிலே ஓரிரு நாள் மறைப்பிட்டு வலத் தோளிலும் சுட்டுப் பார்க்கட்டும். இலக்குத் தாள்களைத் திகதியிட்டுச் சேர்த்து வைக்கட்டும் என்றோம். மூன்றாம் வாரத் தாள்கள் இரண்டை மருமகன் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். இடத் தோளிலே சுட்டதில் ஐந்து துளைகளும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்குகின்றன. வலத் தோளிலே சுட்டதில் ஒரு துளை தாளின் ஓரத்திலே இருக்கிறது, மற்றொன்றைக் காணவில்லை. அன்னையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். காணாமற் போன அந்த ஒன்று எங்கே போனது என்பதை அவனிடம் கேட்டுச் சொல்லும்படி எம்மைப் பணித்திருக்கிறார்.