காணோமே என்று கேட்கும் உரிமை

சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது, நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து என் இடது மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கிறது. எடுத்து வைக்கும் அடிகளை எண்ணுகிறது, நாடித் துடிப்பைக் குறித்துக்கொள்கிறது. எத்தனை மணிக்குத் தூங்கினேன், நடுவில் எப்போது விழித்தேன் என்பதுவரை அதற்குத் தெரியும். அந்தப் பட்டையோடு போனுக்குள் ஒரு செயலியும் வந்து சேர்ந்தது. அதில் கொஞ்ச நாட்களாக நட்பு அழைப்புகள் வருகின்றன. அழைப்பவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. ஒருவர் படத்தில் பைக் மட்டும் நிற்கிறது, இன்னொருவர் படத்தில் ரோஜாப்பூ. சிலருக்குப் படமே இல்லை. ஏற்றுக்கொள்ளவும் மறுக்கவும் கீழே இரண்டு பொத்தான்கள்.

முகநூலில் இப்படி வரும்போது நான் அதிகம் யோசித்ததில்லை. அங்கே நான் எழுதுவதைத்தான் பார்க்கப்போகிறார்கள். நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இங்கே நான் எதையும் எழுதவில்லை. காலையில் எழுந்தேன், ஷூவை மாட்டிக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான். அந்த நடை தானாகவே பதிவாகிவிடுகிறது. எத்தனை மணிக்குக் கிளம்பினேன், எந்தத் தெரு வழியாகப் போனேன், எங்கே நின்றேன், திரும்பி எந்த வாசலில் வந்து முடித்தேன் என்று எல்லாம் அதில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் இந்தச் செயலியில் நட்புக் கேட்கும்போது, கேட்பது இந்தப் பதிவைத்தான்.

1965இல் ஜப்பானில் யமாசா என்ற நிறுவனம், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முந்தைய ஆண்டுதான் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்து முடிந்திருந்தது. உடற்பயிற்சியின்மேல் நாட்டுக்கே ஒரு ஆசை வந்திருந்த நேரம். கருவிக்கு மான்போ-கெய் என்று பெயர், பத்தாயிரம் அடி அளக்கும் கருவி என்று பொருள். இன்று பூங்காவுக்குப் பூங்கா ஒப்பிக்கப்படுகிற 10,000 அடிக் கணக்கு அங்கிருந்துதான் பரவியது. அது மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்த எண் அல்ல என்பதை இப்போது டாக்டர்களே சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கருவியிடம் மரியாதை உண்டு, அதற்குக் காரணம் எண் அல்ல. அது எண்ணியதை அணிந்தவரிடம் மட்டும் சொன்னது. சாயங்காலம் கழற்றி அலமாரியில் வைத்தால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது.

நடையும் ஓட்டமும் பிறர் பார்க்கும் பொருளாக மாறியதிலும் தொடக்கத்தில் ஒரு நல்ல எண்ணம் இருந்தது. ஓட்டக்காரர்களும் சைக்கிள்காரர்களும் அதிகம் பயன்படுத்தும் ஸ்ட்ராவா 2009இல் தொடங்கப்பட்டது. அதை ஆரம்பித்த மார்க் கெய்னி, மைக்கேல் ஹோர்வாத் இருவரும் ஹார்வர்டில் ஒன்றாகப் படகு வலித்தவர்கள். படிப்பு முடிந்து பிரிந்தபின் அந்தப் படகுக் கூட்டத்தின் தோழமைக்கு ஏங்கினார்கள், தூரத்தில் இருந்தபடியே அதைத் திரும்பப் பெற முடியுமா என்று பார்த்தார்கள். ஆனால் படகுக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் ஏற்கெனவே அறிந்தவர்கள். வேர்வை வழியும் முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து துடுப்புப் போட்டவர்கள். செயலி பெரிதானபோது தோழமையின் வடிவம் மட்டும் கோடிக்கணக்கான பேருக்குப் போய்ச் சேர்ந்தது. அறிமுகம் கூடவே போகவில்லை.

முன்பின் தெரியாதவர்கள் எதற்காக அழைக்கிறார்கள்? எல்லோரையும் ஒரே கூடையில் போட எனக்கு மனம் வரவில்லை. தனியாக நடப்பவருக்குப் போட்டியாளர் வேண்டியிருக்கிறது. பட்டியலில் தனக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர் இருந்தால்தான் மாலையில் இன்னொரு சுற்றுப் போகத் தோன்றும். ஃபிட்பிட் நிறுவனம் 2023 மார்ச்சில் தன் அடிப் போட்டிகளையும் பொதுக் குழுக்களையும் நிறுத்தியபோது, அவற்றில் பழகிய பலர் உண்மையாகவே வருந்தினார்கள். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. இன்னும் சிலரை அனுப்பிவைப்பது செயலியேதான். யாரோ ஒருவர் போனில் என் எண் இருக்கும், அவர் தன் தொடர்புப் பட்டியலைச் செயலிக்குத் திறந்துவிட்டிருப்பார். உடனே “இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்” என்று என் பெயர் அவர் திரையில் வந்துவிடும். வேறு சிலர் பணத்துக்காக வருகிறவர்கள். இரண்டு நாள் உடம்பை விசாரிப்பார்கள், மூன்றாம் நாள் முதலீடு பற்றிப் பேசுவார்கள். கடைசியில் ஒரு சிறு கூட்டம் உண்டு. அது பெண்கள் எப்போது, எங்கே, தனியாக இருக்கிறார்கள் என்று அறிய வருகிறது. இந்த நான்கு வகையாரையும் திரையில் பார்த்துப் பிரித்தறிய வழியில்லை என்பதுதான் சிக்கல். எல்லோருக்கும் அதே பொத்தான்தான்.

நான் நடப்பது கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸில். ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் சுற்று. அங்கே மனிதர்கள் பழக்கமாவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் முகம். எதிரும் புதிருமாக வந்து வந்து முகம் பதிகிறது. பிறகு ஒருநாள் தலையசைப்பு. மழை பெய்த மறுநாள் “பார்த்துப் போங்க, அந்தப் பக்கம் வழுக்குது” என்று ஒரு வார்த்தை. அருகம்புல் சாறு விற்கும் வண்டியருகே நின்று மூச்சு வாங்கும்போது பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு. பெயர் கடைசியில்தான் வரும், வராமலும் போகும். இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த படிக்குப் போகாமல் இருக்கலாம், எதிர்ப்பக்கமாகச் சுற்றலாம், அதில் மனக்கசப்பும் இல்லை.

செயலி இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்குகிறது. முதலிலேயே பெயர் கிடைக்கிறது, வழியும் நேரமும் கிடைக்கின்றன. முகம் மட்டும் கிடைப்பதில்லை. ஒருவர் பார்க்கிறார், இன்னொருவர் பார்க்கப்படுகிறார். எனக்கு இதில் இருக்கும் மறுப்பு முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான்.

ரேஸ்கோர்ஸில் ஒரு பெரியவர் இருக்கிறார், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காய்ச்சலில் நான் படுத்திருந்துவிட்டுப் போனபோது நிறுத்திக் கேட்டார்: “ஏனுங்க அம்மிணி, ரெண்டு நாளா காணோம்? ஒடம்புக்கு ஏதும் முடியலீங்களா?” அன்று முழுக்க எனக்கு அந்தக் கேள்வி தெம்பாக இருந்தது. நம்மைக் காணவில்லை என்று ஒரு மனிதர் கவனித்திருக்கிறாரே என்ற நிறைவு.

அதே கேள்வி என் அக்கா மகளுக்கும் வந்தது. அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள், பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் விடியுமுன் ஓடுவாள். அவள் பயன்படுத்தும் செயலியில் யாரோ ஒருவருடைய அழைப்பை, ஓட்டக்காரர்தானே என்று ஏற்றிருந்தாள். அவள் ஓடி முடித்த சில நிமிடங்களுக்குள் அந்த ஆளிடமிருந்து பாராட்டுக் குறி வரும். ஒரு நாள்கூடத் தவறாது. முதலில் அது உற்சாகமாகத்தான் இருந்ததாம். ஒரு வாரம் ஊருக்கு வந்திருந்தாள், ஓடவில்லை. “என்னாச்சு, காணோமே?” என்று செய்தி வந்தது. திரும்பிப் போன பிறகு, வழக்கமான பாதையை விட்டு வேறு தெருவில் ஓடினாள். “இன்னைக்கு ஏன் ரூட் மாறிடுச்சு?” என்று அடுத்த செய்தி. அன்று இரவு எனக்குப் போன் செய்தாள். “சித்தி, அவன் தப்பா ஒண்ணுமே சொல்லல. ஆனா எனக்குக் காலே எழ மாட்டேங்குது” என்றாள்.

அவள் சொன்னது சரி. அந்த ஆளின் வார்த்தைகளில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ரேஸ்கோர்ஸ் பெரியவர் கேட்டதும் ஏறத்தாழ அதேதான். பெரியவர் என்னைக் காணோமே என்று கேட்கும் உரிமையை, தன்னையும் என் கண்ணில் தினமும் காட்டிச் சம்பாதித்திருந்தார். அவர் வராத நாளில் நானும் கேட்டிருப்பேன். அந்த ஆள் எதையும் காட்டவில்லை, கணக்கை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். என் அக்கா மகள் அவரை நீக்கினாள், செயலியில் தன் கணக்கையும் அழித்தாள். ஓட்டத்தையும் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டாள். எனக்கு ஆறாத வருத்தம் அதில்தான். செயலி எதற்காக வந்ததோ, அதையே அவள் கால்களிலிருந்து எடுத்துவிட்டது.

ஏற்றுக்கொள்ளாமல் இருந்தாலே போதும் என்று சொல்கிறார்கள். போதாது. 2020இல் ஓடப்போன ஒருவர், வழியில் தன்னைக் கடந்துபோன ஒரு பெண்ணின் பெயரும் படமும் அவள் ஓடிய பாதையும் வீடு திரும்பியபின் தன் ஸ்ட்ராவா பதிவில் தானாகவே வந்து நிற்பதைப் பார்த்து, இது ஆபத்து என்று வெளியே சொன்னார். அவர் கேட்டு வாங்கியதல்ல, ஒரே நேரத்தில் ஒரே சாலையில் இருந்தவர்களைக் காட்டும் ஃப்ளைபை என்ற வசதியின் வேலை அது. அதன் பிறகுதான் நிறுவனம் அதை எல்லோருக்கும் அணைத்து வைத்து, வேண்டுபவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று மாற்றியது.

வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து அதற்குள் பாதையை மறைத்துவிடலாம் என்றும் ஒரு வழி இருக்கிறது. நானும் அதைச் செய்திருக்கிறேன், எல்லோரும் செய்யவேண்டும். ஆனால் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் அதன் ஓட்டையைக் காட்டினார்கள். பாதை மறைந்தாலும் மொத்த தூரம் மறைவதில்லை. வட்டத்துக்குள் எத்தனை மீட்டர் நடந்தோம் என்பதைக் கழித்துப் பார்த்து, தெருக்களின் வரைபடத்தோடு பொருத்தினால், மறைத்த வாசல்களில் 85 சதவீதம்வரை கண்டுபிடிக்க முடிந்தது. காவல் தொழிலில் பயின்றவர்களே இப்படிப்பட்ட பதிவுகளிடமிருந்து தப்பவில்லை. பிரெஞ்சு அதிபர் மக்ரோனின் மெய்க்காவலர்கள் ஓடிய பதிவுகளை வைத்து, 2021இல் அவர் ஓன்ஃப்ளர் என்ற கடலோர ஊருக்குப் போன தனிப்பட்ட பயணத்தையே லெ மோந்த் நாளிதழ் 2024 அக்டோபரில் எடுத்துக்காட்டியது. அவர்களுக்கே அப்படியென்றால், விடியலில் ஓடும் பெண்ணிடம் “நீதான் ஜாக்கிரதையாக இருந்திருக்கவேண்டும்” என்று எந்த முகத்தோடு சொல்வது?

வயது வந்தவர்கள் புதிதாகக் கணக்குத் தொடங்கினால் ஸ்ட்ராவாவில் அவர்களுடைய பதிவு எல்லோருக்கும் தெரியும்படிதான் தொடக்கத்தில் இருக்கும். மூடவேண்டுமானால் நாமாகச் செட்டிங்ஸில் தேடிப்போய் மூடவேண்டும். வீட்டைக் கட்டிக்கொடுப்பவர் கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்துத்தான் சாவியைக் கையில் கொடுக்கவேண்டும். மூடியபடி கொடுங்கள், யாருக்குத் திறப்பது என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எந்தச் செயலியாக இருந்தாலும் இது பெரிய வேண்டுகோள் அல்ல.

நம் பக்கத்திலும் ஒன்று மாறவேண்டியிருக்கிறது. என்னோடு நடக்கும் பெண்களிடம் விசாரித்தேன். பலர், தெரியாதவர்களின் அழைப்பை ஏற்றிருக்கிறார்கள். “பாவம், கேட்டுட்டாங்க, எப்படி வேண்டாம்னு சொல்றது” என்கிறார்கள். வணக்கம் சொன்னவருக்குப் பதில் வணக்கம் சொல்லாமல் போகக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். நல்ல வளர்ப்பு அது, நேரில் நிற்கும் மனிதருக்கு அது பொருந்தும். திரையில் வரும் அழைப்புக்குப் பதில் தராமல் இருப்பது அவமரியாதை ஆகாது, அதுவே ஒரு பதில். திரும்பத் திரும்ப அழைப்பவருக்கு அது புரியாவிட்டால், சட்டத்துக்குப் புரிகிறது. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டியபின்னும் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து, மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயலும் ஆணின் செயல், பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம். அவள் இணையத்தைப் பயன்படுத்துவதைக் கண்காணிப்பதும் அதே பிரிவில் வருகிறது. முதல்முறைக்கே மூன்றாண்டுவரை சிறை உண்டு. இது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவாக 2013இல் வந்தது. என் அக்கா மகளுக்கு அப்போது இது தெரிந்திருக்கவில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

இப்போது அவள் மறுபடி ஓடுகிறாள். புதுக் கணக்கு, முழுக்க மூடியது. அதில் அவளோடு ஓடும் இரண்டு தோழிகளும் அக்காவும் நானும் இருக்கிறோம். ஓடாத அக்காதான் முதலில் பார்க்கிறாள். ஏழு மணிக்குள் ஓட்டம் முடிந்த குறி வராவிட்டால் பொள்ளாச்சியிலிருந்து போன் போகும், “ஏன் கண்ணு, இன்னும் காணோம்?” என்று.